செயின்ட் தாமஸில் ஒரு நாள்: குடும்பத்தோடு ஸ்நார்க்லிங் போக எந்தப் படகு?

கரீபியக் கடலின் அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஒன்றான செயின்ட் தாமஸ் தீவில் கையில் ஒரு நாள்தான் இருக்கிறது என்று வையுங்கள். கணவன், மனைவி, ஆறு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா. ஆக ஆறு பேர். மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி, தண்ணீருக்குள் முகத்தை வைத்து ஆமையும் மீனும் பார்க்க வேண்டும், அதாவது ஸ்நார்க்லிங் போக வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். தேடிப் பார்த்தால் நான்கு வழிகள் தெரியும். கேட்டமரான் என்ற பெரிய இரட்டை உடல் பாய்மரப் படகில் அரை நாள் போய் வரலாம். ஃபெர்ரி ஏறி செயின்ட் ஜான் தீவுக்குப் போய்க் கரையிலிருந்தே இறங்கலாம். ஓட்டுநரோடு தனி மோட்டார் படகு எடுக்கலாம். முழு நாள் பயணமாகப் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளுக்குப் போகலாம். விளம்பரப் படங்களில் நான்குக்கும் தண்ணீர் ஒரே நீலம்தான். அந்தப் படத்தை வைத்து முடிவெடுப்பதில்தான் பல குடும்பங்கள் தவறிப்போகின்றன.

முடிவை எடுத்துத் தருவது ஒரே கேள்வி. உங்கள் குடும்பத்தில் நீச்சலில் மிகவும் தயங்குகிறவர் தண்ணீரில் எப்படி இறங்கப் போகிறார், எப்படி ஏறி வரப் போகிறார்? மணலில் நடந்து, முழங்கால், இடுப்பு, மார்பு என்று தானே அளந்துகொண்டு இறங்குவது ஒரு வகை. படகின் பின்புற ஏணியிலிருந்து கால் எட்டாத ஆழத்தில் நேராக இறங்குவது வேறு வகை. குளத்தில் இருபது முறை குறுக்கே நீந்தும் பிள்ளைகூட இரண்டாவது வகையில் முதல் தடவை உறைந்து நின்றுவிடும். கீழே ஐந்து மீட்டர் ஆழத்தில் தரை கண்ணாடிபோலத் தெரிகிறது, காலோ எதையும் தொடவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் மூச்சு படபடத்து, குழாய்க்குள் தண்ணீர் போய், இருமல் வந்து, "அம்மா, படகுக்குப் போகலாம்" என்று அழுகை. அதோடு அன்றைய பயணம் அந்தப் பிள்ளைக்கு முடிந்தது, கூட இருக்கும் பெற்றோரில் ஒருவருக்கும் முடிந்தது.

அடுத்ததற்குப் போகும் முன், கேட்டமரான்கள் போகும் பக் தீவு பற்றி ஒரு பெயர்க் குழப்பம். அமெரிக்க வர்ஜின் தீவுகளில் பக் தீவு என்று இரண்டு இருக்கின்றன. செயின்ட் தாமஸுக்குத் தெற்கே கலங்கரை விளக்கத்தோடு இருக்கும் சின்னப் பாறைத்தீவு ஒன்று. இன்னொன்று சுமார் 65 கிலோமீட்டர் தெற்கே, செயின்ட் குரோய் தீவை ஒட்டியிருப்பது. 1961-ல் கென்னடி தேசியச் சின்னமாக அறிவித்ததும், நீருக்கடியில் பெயர்ப்பலகைகளோடு நீந்தும் பாதை இருப்பதும், மேற்கு முனையில் வெள்ளை மணல் கரை இருப்பதும் இந்தச் செயின்ட் குரோய் பக் தீவில். அதைப் பற்றிப் படித்துவிட்டு செயின்ட் தாமஸில் பயணச்சீட்டு வாங்குகிறவர்கள், மணல் கரை எங்கே என்று படகில் கேட்கிறார்கள். செயின்ட் தாமஸ் பக் தீவில் படகு நிற்கும் டர்ட்டில் கோவ் என்ற குடாவில் உங்களுக்குக் கிடைப்பது ஆமையும் மீனும். கால் நீட்டி உட்கார நீண்ட மணற்பரப்பு கிடைக்காது.

கேட்டமரானில் அரை நாள்

பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது, ஆனால் பொருள் வேறு. அகலமான தளத்தின் கீழே இரண்டு நீண்ட உடல்கள், நடுவில் பாய்மரம், முன்பக்கம் கண்ணால் தண்ணீர் பார்த்துக்கொண்டே படுக்க வலை. பெரிய படகில் நாற்பது ஐம்பது பேர்கூட ஏறுவார்கள். ஏறும்போதே செருப்பைக் கழற்றி ஒரு கூடையில் போடச் சொல்வார்கள்.

அரை நாள் என்பது வழக்கமாக மூன்றரை முதல் நான்கு மணி நேரம். அதில் தண்ணீருக்குள் இருக்கும் நேரம் ஒரு மணி, மிஞ்சினால் ஒன்றேகால் மணி. மீதி எல்லாம் போவது, கருவி கொடுப்பது, விளக்கம் சொல்வது, திரும்புவது. கடலில் பாய்மரப் பயணமும் சேர்த்து வேண்டும் என்றால் இது நல்ல கணக்கு. மீன் பார்க்கத்தான் வந்தோம் என்றால் கொடுத்த பணத்துக்குக் குறைந்த நேரம்.

டர்ட்டில் கோவ் குடாவில் ஆழம் கரைப்பக்கம் மூன்று மீட்டரில் தொடங்கி வெளிப்பக்கம் பத்து மீட்டர் தாண்டும். கடலடியில் புல்வெளி இருப்பதால் பேராமைகள் மேய வருகின்றன. மன்னார் வளைகுடாவில் நம் மீனவர்கள் பேராமை என்று சொல்லும் அதே இனம்தான். பக்கத்திலேயே கார்ட்டான்சர் சீனியர் என்ற பழைய சரக்குக் கப்பல் உடைந்து கிடக்கிறது. ஆழத்தில் இருந்தாலும் தண்ணீர் தெளிவாக உள்ள நாளில் மேலிருந்தே அதன் உருவம் தெரியும். சில படகுகள் அங்கும் போகும், சில போகாது. அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏணி விஷயம் இங்கே கேட்டமரானுக்குச் சாதகம். பெரிய கேட்டமரான்களில் பின்புறமோ முன்புறமோ சாய்வான படிக்கட்டை இறக்குவார்கள், இருபுறமும் கைப்பிடி இருக்கும். படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து, தண்ணீர் இடுப்பில் அடிக்கும்போதே மாஸ்க்கை மாட்டிக்கொண்டு சறுக்கலாம். திரும்பும்போது ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, மறுகையால் துடுப்புக் காலணி இரண்டையும் கழற்றி மேலே நிற்கும் பணியாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் படியில் கால் வைக்க வேண்டும். துடுப்போடு ஏற முயன்றால் அதன் நுனி படிக்கு அடியில் மாட்டும், அடுத்த அலைக்குப் படகு எழும்பும்போது கணுக்கால் திரும்பிவிடும். அலை படகைத் தூக்கி இறக்குவதைக் கவனித்து, படி கீழே வரும் நேரத்தில் கால் வைத்தால் அடுத்த அலை உங்களை மேலே கொண்டுவந்துவிடும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்த ஒரு நுணுக்கம் போதும்.

தண்ணீரில் இறங்கவே விருப்பமில்லாத அப்பா அம்மாவுக்கும் கேட்டமரான்தான் வசதி. நிழல் உண்டு, உட்கார இடம் உண்டு, கழிப்பறை உண்டு. மூச்சு வாங்க மேலே வரும் ஆமையைத் தளத்திலிருந்தே பார்க்கலாம். இறங்க விருப்பம் உண்டு ஆனால் நீச்சல் தெரியாது என்கிற அப்பா அம்மாவுக்குத்தான் இது சரிப்படாது. இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள்.

ரம் கலந்த பானம் ஸ்நார்க்லிங் முடிந்து எல்லாரும் படகேறிய பிறகுதான் தருவார்கள். குடித்த பிறகு மறுபடி இறங்க விடமாட்டார்கள். அது சரியான விதி.

ஃபெர்ரியில் செயின்ட் ஜான்

கலவையான குடும்பத்துக்கு, அதாவது நீந்துகிறவரும் நீந்தாதவரும் சின்னப் பிள்ளையும் சேர்ந்து போகிற குடும்பத்துக்கு, எங்கள் முதல் பரிந்துரை இதுதான். செலவும் நான்கில் மிகக் குறைவு.

செயின்ட் தாமஸின் கிழக்கு முனையில் ரெட் ஹுக் துறை. அங்கிருந்து செயின்ட் ஜானின் குரூஸ் பே ஊருக்கு இருபது நிமிடம், பகல் முழுக்க ஏறக்குறைய மணிக்கொரு ஃபெர்ரி. சார்லட் அமாலி நகரத்திலிருந்தும் சில நடைகள் உண்டு, ஆனால் அது இரு மடங்குக்கு மேல் நேரம் எடுக்கும். குரூஸ் பேயில் இறங்கியதும் லாரியின் பின்பக்கத்தில் வரிசையாக இருக்கை போட்டு, பக்கவாட்டில் திறந்த டாக்ஸிகள் நிற்கும். ஆள் கணக்குக்குக் கட்டணம். வாடகைக்கார் எடுக்க நினைத்தால், இங்கே சாலையில் இடப்பக்கம் ஓட்ட வேண்டும், ஆனால் கார்களில் ஸ்டியரிங்கும் இடப்பக்கமே இருக்கும். மலைச்சாலை வளைவுகளில் இது பழக நேரமாகும். ஒரு நாளைக்கு டாக்ஸி போதும்.

இந்தத் தீவின் பெரும்பகுதி 1956-ல் அமைந்த வர்ஜின் தீவுகள் தேசியப் பூங்கா. வடக்குக் கரையில் வரிசையாகக் குடாக்கள். அவற்றில் குடும்பத்துக்கு முக்கியமானவை இரண்டு: மாஹோ பே, டிரங்க் பே.

மாஹோவுக்கு முதலில் போங்கள், அதுவும் காலை ஒன்பது மணிக்குள். சாலையை ஒட்டியே மணல், மெதுவாக இறங்கும் தரை, பெரும்பாலான நாட்களில் அலை கிடையாது. இருபது முப்பது மீட்டர் நடந்தாலும் பெரியவர்களுக்கு மார்பளவுதான். அதற்கப்பால் புல்வெளி தொடங்குகிறது. பச்சை நாடாபோல அகலமான இலை, அலைக்கேற்ப ஒரே திசையில் சாய்ந்து நிமிரும். இந்தப் புல்லுக்கே ஆமைப்புல் என்று பெயர். ஆமை மேய்வதைப் பார்க்கும்போது அசையாமல் மிதந்தால் போதும். தலையைப் பக்கவாட்டில் இழுத்து இலையைக் கத்தரிக்கும், கொஞ்சம் மண் புகைபோல எழும். சில நிமிடம் மேய்ந்துவிட்டு முன்துடுப்பை ஒரு முறை அசைத்து மேலே வரும், மூக்கை மட்டும் நீட்டி ஒன்றிரண்டு மூச்சு, மறுபடி அதே இடத்துக்கு இறக்கம். அது மேலே வரும் வழியில் நீங்கள் மிதந்தால் மூச்சு வாங்காமல் திரும்பிவிடும். ஆகவே நேர் மேலே நிற்காமல் மூன்று நான்கு மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் இருங்கள். தொடுவதும் துரத்துவதும் அமெரிக்கச் சட்டப்படி குற்றம். புல்லுக்கு நடுவே மணல்திட்டுகளில் திருக்கை புதைந்திருக்கும். அதனால் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். சலசலப்புக் கேட்டு அது தானாக விலகிவிடும்.

மாஹோவின் குறை, டாக்ஸி அடிக்கடி வராது. இறக்கிவிடும் ஓட்டுநரிடமே எத்தனை மணிக்குத் திரும்ப வர வேண்டும் என்று பேசிவிடுங்கள். பேசாமல் இறங்கினால் வெயிலில் மலைச்சாலையில் நடக்க நேரும். காவலுக்கு உயிர்காப்பாளர் யாரும் மாஹோவில் இல்லை.

டிரங்க் பே இதற்கு எதிர்மாறு. குளியல் குழாய், உடை மாற்றும் அறை, கருவி வாடகை, சிற்றுண்டி எல்லாம் உண்டு. நுழைவுக் கட்டணம் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்கு 5 டாலர், சிறுவர்களுக்கு இல்லை. குடாவின் நடுவே இருக்கும் குட்டித்தீவை ஒட்டி சுமார் 200 மீட்டருக்கு நீருக்கடியில் பெயர்ப்பலகை வைத்த பாதை. மணலில் நடந்து இறங்கி, பலகையில் மீனின் பெயரைப் படித்து, திரும்பினால் அதே மீன் நீந்திப் போகும். படிக்கத் தெரிந்த பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஆனால் பவளத்தைப் பொறுத்தவரை இங்கே பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். பல்லாண்டுக் கூட்டமும், 2017 செப்டம்பரில் அடுத்தடுத்து வந்த இர்மா, மரியா புயல்களும், 2019-ல் செயின்ட் தாமஸ் பக்கம் முதலில் தென்பட்ட பவளத் திசு நோயும் சேர்ந்து நிறையச் சேதம் செய்துவிட்டன. குட்டித்தீவின் வெளிமுனையில் நீரோட்டம் இழுக்கும். பாதை முடியும் இடத்தைத் தாண்டிப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள்.

சார்லட் அமாலியில் பயணக் கப்பல்கள் நிற்கும் நாட்களில் காலை பத்தரை முதல் இரண்டு மணி வரை டிரங்க் பேயில் நிற்க இடமிருக்காது. அதனால்தான் மாஹோ முதலில். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு, ஓய்வு. இரண்டு மணி வாக்கில் டிரங்க் பே. இப்படிப் போட்டால் தண்ணீரில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் கிடைக்கும், கேட்டமரானைவிட இரு மடங்குக்கும் மேல். நேரத்தின் கடிவாளமும் உங்கள் கையிலேயே இருக்கும். ஆறு வயதுப் பிள்ளை பத்து நிமிடத்தில் வெளியே வந்து மணல் வீடு கட்டினாலும் யாருக்கும் நட்டமில்லை. பசித்ததும் மறுபடி இறங்க மாட்டேன் என்றால் அதுவும் சரி.

தனி மோட்டார் படகு

எல்லாரும் ஓரளவு நீந்துவார்கள், பணம் கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை என்றால் இது அருமையான நாள். ஓட்டுநரே வழிகாட்டி. காற்றும் அலையும் பார்த்து அன்றைக்கு எந்தக் குடா அமைதியோ அங்கே போவார். செயின்ட் தாமஸுக்கும் செயின்ட் ஜானுக்கும் நடுவில் உள்ள கிறிஸ்துமஸ் கோவ், செயின்ட் ஜானின் வடக்குக் குடாக்கள் என்று ஒரே நாளில் மூன்று நான்கு இடம் பார்க்கலாம்.

இங்கே முதலில் எண்ண வேண்டியது தலைகளை. அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் ஆய்வுச் சான்று வாங்காத சிறு வாடகைப் படகுகளின் வழக்கமான வரம்பு ஓட்டுநரைத் தவிர 6 பயணிகள். கைக்குழந்தையும் ஒரு பயணிதான். நம் ஆறு பேர் குடும்பம் சரியாக அடங்கும். தங்கை குடும்பமும் வருகிறது என்று கடைசி நேரத்தில் சொன்னால் ஓட்டுநர் ஏற்றமாட்டார், ஏற்றவும் கூடாது. ஏற்றுகிறேன் என்று ஒருவர் சொன்னால் அந்தப் படகில் போகாதீர்கள்.

அடுத்து எரிபொருள். சொல்லும் விலையில் அது சேர்ந்ததா, தனியா என்று எழுத்தில் வாங்குங்கள். தனி என்றால் நாள் முடிவில் தொகை கணிசமாக ஏறும். அதற்கு மேல் ஓட்டுநருக்கு 15 முதல் 20 சதவீதம் அன்பளிப்பு வழக்கம். கேட்டமரானில் ஆறு பேர் கட்டணத்தைக் கூட்டி, அதோடு இந்த மொத்தத்தை ஒப்பிடுங்கள். ஆறு பேரும் நிரம்பினால் வித்தியாசம் நினைத்ததைவிடக் குறையும். மூன்று பேர் என்றால் கட்டுப்படியாகாது.

ஏணி இங்கே செங்குத்தாக, மூன்று நான்கு படி மட்டும். கடைசிப் படி தண்ணீருக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கும் என்பதால் கையால் உடம்பைத் தூக்கினால்தான் ஏற முடியும். அறுபத்தைந்து வயது அம்மாவுக்கு இது நடக்காது. பல படகுகளில் கழிப்பறை இல்லை, இருந்தாலும் குனிந்து நுழையும் பெட்டி. முன்பதிவுக்கு முன் ஏணியின் படம் அனுப்பச் சொல்லிக் கேட்பதில் வெட்கமே வேண்டாம். வேகமாகப் போகும்போது முன்பக்க இருக்கை அலைக்கு அலை தூக்கிப் போடும். முதுகுவலிக்காரர்கள் பின்பக்கம் உட்கார வேண்டும், கர்ப்பிணிகள் இந்தப் படகையே தவிர்க்க வேண்டும்.

பூங்காவுக்குள் பவளத்தின் மேல் நங்கூரம் போடத் தடை. படகை மிதவையில் கட்டுவார்கள். ஆகவே படகில் போனாலும் மணலுக்கு நீந்தித்தான் போக வேண்டும் என்ற நிலை அடிக்கடி வரும். "கடற்கரையில் இறக்கிவிடுவோம்" என்று சொன்னால், முழங்கால் தண்ணீரிலா, மிதவையிலா என்று கேளுங்கள்.

பிரிட்டிஷ் தீவுகள்

வர்ஜின் கோர்டா தீவில் பெரும்பாறைகளுக்கு இடையே தண்ணீர் தேங்கும் பாத்ஸ் என்ற இடம் மிக அழகு. ஆனாலும் சின்னப் பிள்ளைகளோடு ஒரு நாளில் போக இதைச் சொல்லமாட்டோம். வேறு நாடு என்பதால் போகும்போதும் வரும்போதும் குடிநுழைவு, சுங்கம் இரண்டும் உண்டு. திறந்த கடலில் நேரமும் அதிகம்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான் இரண்டும் அமெரிக்க மண். கடவுச்சீட்டில் எச்1பி விசா முத்திரை காலாவதியாகி, ஐ-797 என்ற அரசு ஒப்புதல் கடிதத்தை வைத்து வாழ்கிறவர்கள் இங்கே வந்து போகலாம். திரும்பும்போது விமான நிலையத்தில் எல்லை அதிகாரிகள் ஆவணம் பார்ப்பார்கள் என்பதால் கடவுச்சீட்டு, ஐ-94 என்ற நுழைவுப் பதிவு, ஐ-797 அல்லது கிரீன் கார்டு அசலாகக் கையில் இருக்க வேண்டும். ஆனால் பிரிட்டிஷ் தீவில் கால் வைத்த நிமிடம் நீங்கள் அமெரிக்காவை விட்டு வெளியேறியவர். எச்1பிக்காரர்கள் செல்லுபடியாகும் விசா முத்திரை இல்லாமல் திரும்ப நுழைய முடியாது. ஒரு நாள் உல்லாசத்துக்காக இந்த வம்பு வேண்டாம்.

காற்று சொல்வதைக் கேட்டு மாற்றுங்கள்

இந்தக் கடலில் ஆண்டு முழுக்கக் கிழக்குக் காற்று. நம் கரையோரத்தில் கொண்டல் என்று சொல்வது இதே திசைக் காற்றைத்தான். செயின்ட் தாமஸிலிருந்து செயின்ட் ஜான் கிழக்கே இருப்பதால் போகும்போது காற்றை எதிர்த்துப் போக வேண்டும். படகு குதிக்கும், முகத்தில் தண்ணீர் அடிக்கும். திரும்பும்போது காற்று பின்னால் இருப்பதால் ஆட்டம் குறையும். டிசம்பர், ஜனவரியில் இந்தக் காற்று பலக்கும், உள்ளூரில் கிறிஸ்துமஸ் காற்று என்பார்கள். காற்றின் வேகம் 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) வரை யாரும் கவலைப்பட வேண்டாம். 20 நாட்டைத் தாண்டினால் சிறு மோட்டார் படகு குடும்பத்துக்கு வதை. அப்போது கேட்டமரானுக்கோ ஃபெர்ரிக்கோ மாறுங்கள்.

இன்னொன்று வடக்கிலிருந்து வரும் நெடிய அலை. குளிர்காலத்தில் அட்லாண்டிக்கின் வடபகுதியில் எழும் புயல்கள் அனுப்புவது. வானம் நிர்மலமாக, காற்றே இல்லாத நாளிலும் டிரங்க் பே மணலில் அலை மோதி உடையும், தண்ணீர் கலங்கிப் பலகைகள் தெரியாது. அந்த நாட்களில் தெற்குப் பக்கம் இருக்கும் செயின்ட் தாமஸ் பக் தீவு மறைவாக இருக்கும், நம் பரிந்துரையே தலைகீழாகிவிடும். செயின்ட் ஜானில்தான் இருக்கிறோம் என்றால் தெற்குக் கரையில் சால்ட் பாண்ட் பே உண்டு, ஆனால் சாலையிலிருந்து கொஞ்சம் இறங்கி நடக்க வேண்டும். தேசிய வானிலைச் சேவையின் சான் ஹுவான் அலுவலகம் இந்தத் தீவுகளுக்கும் கடல் முன்னறிவிப்பு வெளியிடுகிறது. முந்தின நாள் மாலை அதில் காற்றின் வேகம், அலையின் திசை இரண்டையும் பாருங்கள்.

புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அந்த மாதங்களில் முன்பதிவு செய்தால் ரத்து விதியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். படகுக்காரரே ரத்து செய்தால் முழுப் பணம் திரும்புமா, வேறு நாள் மட்டும்தானா என்பதுதான் பார்க்க வேண்டிய வரி.

எந்த வழியில் போனாலும்

மாஸ்க் ஒழுகினால் மற்ற எல்லாம் வீண். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளிழுங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டி நின்றால் பொருந்துகிறது. ஒட்டவில்லை என்றால் பட்டையை இறுக்குவதால் சரியாகாது, இன்னும் அதிகமாக ஒழுகும். நம் குடும்பங்களில் ஒழுகலுக்கு மூன்று காரணம் வழக்கமாக உண்டு. மீசை, நெற்றியில் விளிம்புக்குள் மாட்டும் கூந்தல் இழை, முகத்தில் வழியும் தேங்காய் எண்ணெய். எண்ணெய் தேய்த்த தலையோடு போகாதீர்கள். கூந்தலைப் பின்னி, விளிம்புக்குள் ஒரு இழையும் இல்லாமல் விரலால் சுற்றித் துடைத்துப் பாருங்கள். மீசைக்காரர்கள் மூக்கின் கீழ்ப்பகுதியில் சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தடவலாம். பெட்ரோலியம் ஜெல்லி மாஸ்க்கின் விளிம்பைக் கெடுக்கும். ஆறு வயதுப் பிள்ளைக்குப் படகில் கிடைக்கும் மாஸ்க் பெரும்பாலும் பெரிது. அதற்கு மட்டும் சொந்தமாக வாங்கி, விடுதி நீச்சல் குளத்தில் இரண்டு நாள் பழக்குங்கள். கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பவர் வைத்த மாஸ்க் தனியாகக் கிடைக்கிறது. அது இல்லாமல் மீனும் ஆமையும் ஒரே மங்கல்தான். முகம் முழுக்க மூடும் மாஸ்க்கைப் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள். விட்ட மூச்சு உள்ளேயே தங்கும் ஆபத்து உண்டு, அவசரத்தில் சட்டென்று கழற்றவும் வராது.

ஊதி நிரப்பும் ஸ்நார்க்கெல் வெஸ்ட், நீந்தத் தெரியாதவருக்குக் கடின நுரை லைஃப் ஜாக்கெட்டைவிட இதற்குப் பொருத்தம். நுரை ஜாக்கெட் ஆளை மல்லாத்தும். முகத்தைத் தண்ணீரில் வைக்கவே போராட வேண்டும். ஊதும் வெஸ்ட்டைப் பாதி நிரப்பினால் குப்புற மிதக்கலாம். தொடைக்கிடையில் போகும் பட்டையை மாட்டாமல் விட்டால் அது மேலே ஏறிக் கழுத்தை நெரிக்கும். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ள பெரியவர்களுக்குக் குழாய் வழியாக மூச்சு விட்டு நீந்துவது உடலுக்குச் சின்ன வேலை இல்லை. மாஹோவில் மார்பளவுத் தண்ணீரில் நின்றபடி மாஸ்க்கை மட்டும் மாட்டி, குனிந்து பார்ப்பதே அவர்களுக்குப் போதும். கால் அருகே மீன் வரும்.

பருத்தி சுடிதாரோ டீ-ஷர்ட்டோ போட்டு இறங்காதீர்கள். நனைந்ததும் கனத்து இழுக்கும், துப்பட்டா காலைச் சுற்றும். முழுக்கை நீச்சல் மேலாடையும் லெகிங்ஸும் உடம்பை மறைக்கும், வெயிலையும் தடுக்கும். முதுகு பூராவும் மேலே தெரிய ஒரு மணி நேரம் மிதப்பதால் இது அவசியம், சன்ஸ்க்ரீன் தேவையும் குறையும். சன்ஸ்க்ரீன் வாங்கும்போது ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட், ஆக்டோகிரிலின் மூன்றும் இல்லாததாகப் பாருங்கள். 2020 மார்ச் 30 முதல் இவற்றைக் கொண்டுவருவதும் விற்பதும் இந்தத் தீவுகளில் தடை. ஜிங்க் ஆக்ஸைடு உள்ளது சரி.

படகுச் சாப்பாடு பொதுவாக சாண்ட்விச், ஹாட் டாக். சைவம் என்றால் முன்பதிவிலேயே எழுதுங்கள், பயணத்தன்று சொன்னால் சிப்ஸ்தான் மிஞ்சும். செயின்ட் ஜான் போகிறவர்கள் புளிசாதம் கட்டிப் போகலாம், வெயிலிலும் கெடாது. பையை மட்டும் ஜிப் போட்டு மூடுங்கள். கரும்புத் தோட்டத்து எலிகளைப் பிடிக்க 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த கீரிப்பிள்ளைகளின் வாரிசுகள் கடற்கரையில் ஆளில்லாத பைகளைத்தான் தேடித் திரிகின்றன.

நிழலுக்கு மரத்தடி பார்க்கும்போது கவனம். சிறிய பச்சை ஆப்பிள்போலக் காய் தொங்கினால் அது மான்ச்சினீல். சில இடங்களில் மரத்தில் சிவப்புப் பட்டையோ எச்சரிக்கைப் பலகையோ இருக்கும், எல்லா மரத்துக்கும் இருக்காது. அதன் பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும், காயைக் கடித்தால் தொண்டை வீங்கும். மழைக்கு அதன் கீழ் ஒதுங்கினாலே இலையிலிருந்து வழியும் தண்ணீர் சுடும். கீழே விழுந்த காய் நல்ல மணமாக இருக்கும் என்பதால் பிள்ளைகளுக்குக் கரையில் காலடி வைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பயணக் கப்பலில் வருகிறவர்கள் கடிகாரத்தைப் பாருங்கள். செயின்ட் தாமஸ் ஆண்டு முழுக்க ஒரே நேரம். குளிர்காலத்தில் ஃபுளோரிடாவைவிட ஒரு மணி முன்னால் ஓடும். சில கப்பல்கள் கப்பல் நேரத்தை மாற்றாமலே நிற்கும், கைப்பேசியோ உள்ளூர் நேரத்துக்குத் தானாக மாறிவிடும். படகுக்காரர் சொல்லும் ஒன்பது மணி உள்ளூர் ஒன்பது. கப்பலை விட்டு இறங்கும் இடத்தில் உள்ள பலகையில் கப்பல் நேரத்தைப் பார்த்து, வித்தியாசத்தைக் கையில் எழுதிக்கொண்டு கிளம்புங்கள். செயின்ட் ஜானிலிருந்து திரும்புவதற்குக் கப்பல் புறப்படும் நேரத்துக்கு மூன்று மணி முன்னதாக உள்ள ஃபெர்ரியைக் குறியுங்கள். ரெட் ஹுக்கிலிருந்து துறைமுகம் வரை மலையைச் சுற்றும் சாலைகள், மாலையில் வண்டிகள் நகராது.